உதயத்துக்கு முந்தி

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதிக்கு என்ன போடுவது? மேலே சிவப்பில் பெரிதாக 12, அதன் கீழே கிழமை, அதற்கும் கீழே நான்கு விரல் உயரத்துக்கு ஒன்றுமே இல்லை. வெள்ளை. "ஏதாவது பொன்மொழியப் போட்டு அடைச்சு விடும்மா" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி மெஷின் பக்கம் போய்விட்டார். ஓட்டை வாளியை அடைக்கச் சொல்வது போலத்தான் சொன்னார். மணி இரண்டு பத்து. நாலு மணிக்குள் இரண்டு வேலை முடிய வேண்டும். பதினோரு தாளைத் திருத்திப் பிளேட் போடக் கொடுக்க வேண்டும். பிறகு அந்த அம்மாளுக்கு, கடல் கடந்து இருக்கும் திருமதி மக்கினனுக்கு, ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி அண்ணாச்சியின் கையெழுத்துக்கு வைக்க வேண்டும். என்ன எழுத வேண்டும் என்பதையும் அவரே சொல்லிவிட்டார். தவறு எங்களுடையதுதான், மன்னிக்க வேண்டும், புதிய காலண்டர்கள் அனுப்புகிறோம், தவறு செய்த ஊழியரை வேலையை விட்டு நீக்கிவிட்டோம். தவறு செய்த ஊழியரின் நாற்காலி எனக்கு எதிரே காலியாக இருக்கிறது. பேச்சியின் நாற்காலி. அதன் முதுகில் அவள் வெயிலுக்குத் தலையில் போட்டு வரும் பூப்போட்ட துண்டு தொங்குகிறது, நேற்று எடுக்க மறந்துவிட்டாள். மறந்தாளா, அல்லது திரும்பி இந்த அறைக்குள் வரப் பிடிக்காமல் அப்படியே படியிறங்கிவிட்டாளா. மின்விசிறி சுற்றும்போது துண்டின் ஓரம் மெல்ல அசைகிறது. நான் அதைப் பார்க்காமல் இருக்கச் சுவரைப் பார்க்கிறேன். தவறு செய்த ஊழியர் நான்தான்.

ப்ரூஃப் பார்ப்பது இரண்டு பேர் வேலை. ஒருத்தி வாடிக்கையாளர் அனுப்பிய மூலத்தை வாசிக்க வேண்டும், இன்னொருத்தி அச்சுப்படியில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். வாசிப்பவள் எழுத்தை மட்டும் வாசித்தால் போதாது, கமா, புள்ளி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். இந்த மூன்று வருடமும் வாசித்தது பேச்சி, பார்த்தது நான். யாரும் அப்படிப் பிரித்துக் கொடுக்கவில்லை. முதல் நாள் அவள் வாசிக்கத் தொடங்கினாள், நான் விரலை வைத்தேன், அவ்வளவுதான். பெயர்ப்பொருத்தம் என்பாள். "பேச்சியம்மன் பேரு வச்சா வாய் சும்மா இருக்குமாடி?" ஆங்கிலத்தில் பெரிய எழுத்து வந்தால் அவள் சொல்லும் வார்த்தை தலையெழுத்து. தலையெழுத்து எம், ஏ, ஆர், ஒய், மேரி. இந்த அயர்லாந்து ஸ்காட்லாந்து வேலை வந்தபோது தொடக்கத்தில் எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் பிரஸ்ஸில் ஓடுவது தகரம் அடித்த தமிழ் தினசரிக் காலண்டர், ஆடிப் பெருக்கன்று மாதிரி ஆல்பம் வெளியிட்டால் தை வரை மூச்சுவிட நேரம் இருக்காது. அதே அளவில், அதே போலக் கிழிக்கிற தாளில், ஆனால் ராகு காலமும் நல்ல நேரமும் இருக்கிற இடத்தில் அந்த நாட்டு ஆட்களின் பிறந்த நாளும் இறந்த நாளும் யுத்தமும் வேண்டும் என்று திருமதி மக்கினனின் சங்கத்திலிருந்து கேட்டிருந்தார்கள். அத்தனை பேர்களையும் பேச்சி இந்த மேஜைக்கு அழைத்துவந்தாள். ராபர்ட் புரூஸ் என்ற ராஜா தோற்று ஓடி ஒரு குகையில் ஒளிந்திருந்தபோது சிலந்தி திரும்பத் திரும்ப வலை கட்டுவதைப் பார்த்துத் தைரியம் பெற்றான் என்று ஒரு கதை வந்தது. வாசித்த வாய் மூடாமல், "எங்கண்ணனும் ரெண்டு வருசமா படுத்துக்கிட்டு மோட்டுவளையத்தான் பாக்கான். எங்க வீட்ல இல்லாத சிலந்தியா? இன்னும் ஒரு மினி பஸ் கண்டக்டரா கூட ஆகல" என்றாள். நான் சிரித்ததில் விரல் வரி மாறி, அந்தப் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று. பிப்ரவரி எட்டு, ஸ்காட்லாந்து ராணி மேரியின் தலையை வெட்டிய நாள். வெட்டி முடிந்த பிறகு அவளுடைய பாவாடைக்குள்ளிருந்து ஒரு குட்டி நாய் வெளியே வந்ததாம், உடம்பை விட்டுப் போக மாட்டேன் என்று அங்கேயே படுத்ததாம். பேச்சி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மேரிக்கு எழுத்தெல்லாம் சரியா இருக்குடி, தலையெழுத்துத்தான் சரியில்ல" என்றாள். பேசாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு இப்போது அதிகம் ஞாபகம் வருகிறது. இன்னொரு தடவையும் அப்படி இருந்தாள். டப்ளினில் 1916 மே மாதம், கிரேஸ் கிஃபர்ட் என்ற பெண் சிறைக்குள் இருக்கிற கோயிலில் வைத்து, பிரிட்டனை எதிர்த்த கிளர்ச்சிக்காக மறுநாள் விடியுமுன் சுடப்படப் போகிறவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். விளக்கு இல்லாமல் மெழுகுவத்தி வெளிச்சத்தில் மோதிரம் மாற்றினார்கள். பிறகு பேசிக்கொள்ளப் பத்தே நிமிடம், அதுவும் சிப்பாய்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க. அந்த வரியை வாசிக்கும்போது மட்டும் பேச்சி கமாவை விட்டுவிட்டாள். நான் சொல்லவில்லை. தாளில் கமா சரியாக இருந்தது.

மெஷின் ஓடுகிற சத்தம் தரை வழியாக வந்து நாற்காலிக் காலில் ஏறி முதுகுக்கு வருகிறது. மை வாசனையும் வெட்டிய தாளின் வாசனையும் கலந்து தொண்டையில் உட்காருகிறது. போன வருடம் கார்த்திகை மழையில் இதே வாசனை ஈரமாக இருந்தது. நான் தங்கியிருந்த பெண்கள் விடுதிக்குள் தண்ணீர் புகுந்து, எங்களை எல்லாம் ஊருக்குப் போகச் சொன்னபோது, நான் பெட்டியுடன் பிரஸ் வாசலில் நின்றேன். ஊருக்குப் போனால் வேலைக்கு வர முடியாது, இங்கே இருக்க இடம் இல்லை. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்பது எனக்குப் பழகிய நிலைதான், கல்லூரியிலும் ஹால் டிக்கெட்டில் என் பெயர் தவறாக வந்ததைச் சொல்லாமல் அந்தப் பெயரிலேயே பரீட்சை எழுதப் போனவள் நான். பேச்சி எதுவும் கேட்கவில்லை. பெட்டியை வாங்கி ஸ்கூட்டியின் முன்னால் வைத்துக்கொண்டு "ஏறு" என்றாள். அவர்கள் வீடு இரண்டே அறை. அவள் அண்ணன் அன்றைக்கே பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு மாடிப்படிக்குக் கீழே போய்விட்டான். பேச்சியின் அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்வந்த களைப்போடு அடுப்பைப் பற்றவைத்து, "இந்தப் புள்ள பேசவே மாட்டாளா? நீ பேசுறதுல பாதிய இவளுக்குக் குடுத்தா ரெண்டு பேரும் மனுசராயிருவீங்க" என்றார். பன்னிரண்டு நாள் இருந்தேனா, பதின்மூன்றா. கருவாட்டுக் குழம்பு எனக்குப் பிடிக்காது என்று சொல்லத் தெரியாமல் முதல் நாள் முழுங்கினேன். மூன்றாம் நாள் அந்த அம்மாளே கண்டுபிடித்து எனக்கு மட்டும் தனியாகப் பருப்புத் துவையல் அரைத்துவைத்தார். எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, "நீ தண்ணி குடிக்கிற வேகத்துலயே தெரியுதே" என்றார். மழை தகரக் கூரையில் விழும்போது ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. அப்போது பேச்சிகூட வாயை மூடிக்கொள்வாள். மூன்று பேரும் ஒரு போர்வைக்குள் காலை நீட்டி உட்கார்ந்து சாத்தூர் சேவு தின்போம். பேச வேண்டிய அவசியமே இல்லாத ஒரு கூட்டத்தில் நான் இருந்தது அதுதான் முதல் தடவை. அங்கிருந்து விடுதிக்குத் திரும்பிய பின்பும் பல நாள் காலையில் கண் விழித்ததும் கூரைத் தகரத்தைத் தேடினேன். நேற்று இரவு அந்த அம்மா என்ன சமைத்திருப்பார்? பேச்சி என்ன சொல்லியிருப்பாள்? சொல்லியிருக்க மாட்டாள். லீவு என்றிருப்பாள். லீவு எத்தனை நாளைக்கு என்று அந்த அம்மா கேட்டிருப்பார்.

இந்த மூன்று வருடத்தில் அந்த ஒரே ஒரு நாள்தான் அவள் உண்மையாகவே லீவு போட்டாள். அம்மாவுக்குக் கண் பரிசோதனை, மதுரைக்குக் கூட்டிப் போனாள். அன்றைக்குத்தான் திருமதி மக்கினனிடமிருந்து கடைசித் திருத்தப்படி வந்தது. சில தேதிகளுக்கு நேரமும் சேர்த்திருந்தார்கள். காலை ஐந்து மணி, விடியுமுன், அதிகாலை மூன்றே முக்கால். தனியாக உட்கார்ந்து நானே வாசித்து நானே பார்த்தேன். வாசித்தேன் என்றா சொன்னேன், உதட்டை மட்டும் அசைத்தேன். பிப்ரவரி பதின்மூன்று, க்ளென்கோ படுகொலை, காலை ஐந்து மணி என்று வந்ததும் என் பச்சைப் பேனா தானாக ஓர் அம்புக்குறி போட்டு அதை முந்தின தாளுக்கு அனுப்பிவிட்டது. வேலையில் சேர்ந்த முதல் வாரம் நான் படித்த பாடம் அது. உதயத்துக்கு முந்தி உள்ளது முந்தின தாளுக்கு. சூரியன் உதிக்காத வரைக்கும் நேற்றைய நாள் முடியவில்லை, ஆகவே பின்னிரவு நாலு பத்து வரை உள்ள திதி முந்தின தேதியில்தான் அச்சாகும். பிரஸ்ஸில் தாள் அடுக்குகிற பெண்களுக்குக்கூட இது தெரியும். அப்பா போனது நாலு பத்துக்கு. ஆஸ்பத்திரிச் சான்றிதழில் பத்தொன்பதாம் தேதி என்று இருக்கிறது. வீட்டில், "விடியலயே, அப்ப நேத்துக் கணக்குத்தான்" என்றார் பெரியப்பா. எனக்குப் பதினைந்து வயது. எல்லாரும் அழுதுகொண்டிருக்கும்போது நான் மட்டும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். அப்படியானால் அப்பா எந்த நாளையும் பாதியில் விட்டுவிட்டுப் போகவில்லை, ஒரு நாளைக் கடைசிச் சொட்டு வரை இருந்து முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறார். பச்சைப் பேனா மே மாதத்துக்கு வந்தபோது எனக்கு அதெல்லாம் நினைவுக்கு வந்ததா, தெரியவில்லை. மூன்றாம் தேதி, நான்காம் தேதி, ஐந்து, எட்டு, ஒன்பது, பன்னிரண்டு. அந்தக் கிளர்ச்சிக்காரர்கள் எல்லாரையும் விடியுமுன் சிறையில் வைத்துச் சுட்டிருக்கிறார்கள். ஒன்பதாம் தேதி மட்டும் கார்க் என்ற ஊரில், மற்றதெல்லாம் டப்ளினில். பன்னிரண்டாம் தேதி ஜேம்ஸ் கானலி, காலில் குண்டடி பட்டு நிற்க முடியாததால் நாற்காலியில் உட்கார வைத்துச் சுட்டார்கள். ஒவ்வொருவரையும் நான் ஒரு தாள் முன்னே நகர்த்தினேன். கவனக்குறைவாக இல்லை. அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியாது. ரொம்பக் கவனமாக, கையைப் பிடித்து அழைத்துப்போகிற மாதிரி. மறுநாள் பேச்சி வந்தாள், மதுரையில் அம்மா ஜிகர்தண்டா கேட்டு அடம்பிடித்த கதையைச் சொன்னாள், ப்ரூஃப் கட்டை என் பக்கமிருந்து இழுத்து, "நீ பாத்தாச்சுல்ல? நீ பாத்தா போதும்" என்று சொல்லி, 'சரிபார்த்தவர்' என்று இருக்கிற கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். அவள்தான் மூத்தவள், அந்தக் கட்டம் அவளுடையது.

திருமதி மக்கினனின் கடிதத்தில் ஒரு கடுமையான வார்த்தைகூடக் கிடையாது. காகிதமும் தகரமும் மிக அழகு என்று எழுதியிருந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி. இந்த ஏழு தேதிகளில் இருப்பவர்கள் மட்டும் உங்கள் காலண்டரில் ஏன் ஒரு நாள் முன்னதாகவே இறந்திருக்கிறார்கள்? பிப்ரவரி பதின்மூன்றாம் தேதி க்ளென்கோவில் தங்கள் ஆட்கள் கூடி மலர் வைப்பார்கள் என்றும், காலண்டரை நம்பி யாராவது முந்தின நாள் வந்து தனியாகப் பனியில் நின்றால் என்ன செய்வது என்றும் எழுதியிருந்தார். அண்ணாச்சி எங்கள் இருவரையும் நேற்று ஐந்து மணிக்குக் கூப்பிட்டார். மாரீஸ்வரன் என்பது அவர் பெயர், பிரஸ்ஸில் எல்லாருக்கும் அண்ணாச்சி. கையில் எங்கள் ப்ரூஃப் கட்டு. "எங்க தாத்தா காலத்துல இருந்து ஊருல எவனும் நம்ம காலண்டர்ல தேதி தப்புன்னு சொன்னதில்ல. இப்ப சீமையில இருந்து ஒரு பொம்பள கேக்கா. யாரு கையெழுத்து இது?" பேச்சி எட்டிப் பார்த்தாள். பச்சை அம்புகளைப் பார்த்தாள். பச்சைப் பேனா யாருடையது என்று அவளுக்குத் தெரியும். தலையைத் திருப்பி என்னை ஒரு தடவை பார்த்தாள். அதிக நேரம் இல்லை, ஒரு புள்ளிக்கும் அடுத்த தலையெழுத்துக்கும் நடுவில் அவள் விடுகிற இடைவெளி அளவுதான். அதற்குள் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. சுவரில் இருந்த பழைய காலண்டர்ப் படத்தில் முருகனின் மயில்தோகையில் எத்தனை கண் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணினேன், உண்மையாகவே. பதினாறு வரை. "என்னோடதுதான் அண்ணாச்சி" என்றாள் பேச்சி. "ஏன் இப்படிப் பண்ணுன?" "கவனிக்காம விட்டுட்டேன்." "கவனிக்காம விட ஏழு எடமா? நாளைல இருந்து வர வேண்டாம். எவன் கேட்டாலும் நான் நல்ல வார்த்தை சொல்ல மாட்டேன், பாத்துக்க." சிவகாசி சின்ன ஊர். ஒரு பிரஸ்ஸில் தேதி தவறியவள் என்று பெயர் வந்தால் எந்தப் பிரஸ்ஸிலும் மேஜை கிடைக்காது. பேச்சி சரி என்று தலையாட்டிவிட்டுப் படியிறங்கினாள். நான் பின்னாலேயே ஓடியிருக்கலாம். இந்த அறைக்கு வந்து உட்கார்ந்து, பச்சைப் பேனாவுக்கு மூடி போட்டேன்.

பன்னிரண்டாம் தேதி. பதின்மூன்றைப் பதின்மூன்றிலேயே வைத்துவிட்டதால் பன்னிரண்டு இப்படி அம்மணமாக நிற்கிறது. க்ளென்கோ என்பது ஸ்காட்லாந்து மலைகளுக்கு நடுவில் ஒரு பள்ளத்தாக்கு. 1692இல், நல்ல பனிக்காலத்தில், கேம்ப்பெல் என்பவனின் தலைமையில் நூற்றுக்கு மேல் சிப்பாய்கள் அங்கே வந்து தங்க இடம் கேட்டார்கள். மக்டொனால்டு குடும்பத்தார் அவர்களை வீட்டுக்கு இத்தனை பேர் என்று பிரித்துக் கூட்டிப்போனார்கள். பன்னிரண்டு நாள் ஒரே அடுப்பில் சமைத்து ஒரே கணப்பில் குளிர்காய்ந்தார்கள். கடைசி இரவு கேம்ப்பெல் அந்த வீட்டுப் பிள்ளைகளோடு சீட்டாடிக்கொண்டிருந்தான், அவனுக்கு உத்தரவு வந்துவிட்டிருந்தது. ஐந்து மணிக்கு எழுந்து சுட்டார்கள். குடும்பத் தலைவர் படுக்கையிலிருந்து எழுந்து கால்சட்டையை மாட்டிக்கொண்டே, வந்த விருந்தாளிக்குக் குடிக்க ஏதாவது கொண்டுவா என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது முதுகில் குண்டு விழுந்தது. முப்பத்தெட்டுப் பேர். தப்பி ஓடியவர்களில் பலர் பனியில் விறைத்தார்கள். இதை முதல் ப்ரூஃபில் வாசித்து முடித்ததும் பேச்சி கட்டைக் கீழே வைத்துவிட்டாள். "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டானுகளே, பாவிக. பன்னெண்டு நாள் சோறு போட்டிருக்காகடி." அவள் வெறுமனே சொன்னாள். மழைக்காலத்தை நினைத்துச் சொல்லவில்லை, அவளுக்கு அதெல்லாம் ஒரு கணக்கே இல்லை. இப்போதுதான் அந்த வார்த்தை எனக்கு வந்து சேர்கிறது. அந்தச் சிப்பாய்களில் ஒருவனைப் பற்றி அந்த ஊர்ப் பக்கம் ஒரு கதை சொல்வார்களாம், திருமதி மக்கினன் அதையும் ஓரத்தில் குறித்திருந்தார், இடமில்லாததால் சேர்க்கவில்லை. அவனுக்கு விஷயம் தெரியும், வீட்டுக்காரர்களிடம் சொல்ல முடியாது, சொன்னால் அவன் தலை போகும். வீட்டு வாசலில் இருந்த ஒரு பாறையைப் பார்த்து, நீ மட்டும் விஷயம் தெரிந்தவனாக இருந்தால் இன்றைக்கு இங்கே இருக்க மாட்டாய் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னானாம். புரிந்தவர்கள் இரவோடு இரவாக மலை ஏறிவிட்டார்களாம். முதலில் படித்தபோது எனக்கு அவனைப் பிடித்திருந்தது. என்னைப் போல ஒருவன், ஆளைப் பார்த்துப் பேச முடியாமல் பாறையிடம் பேசியவன் என்று நினைத்தேன். இப்போது அவனை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவன் பாறையிடமாவது சொன்னான். நான் மயிலுக்குக் கண் எண்ணினேன். பன்னிரண்டாம் தேதி ஒன்றுமே நடக்கவில்லை, அதுதான் அந்தத் தேதியின் சரியான குறிப்பு. எல்லாரும் உயிரோடு இருந்தார்கள். யாராவது ஒருவர் வாயைத் திறப்பதற்கு அந்த நாள் முழுவதும் நேரம் இருந்தது. பொன்மொழி வேண்டாம். வெள்ளையாகவே விட்டுப் பெருக்கல் குறி போட்டு, காலியாக விடவும் என்று எழுதிக் கட்டுக்குள் வைத்தேன். மே இரண்டு, ஏழு, பதினொன்று, அவையும் காலிதான். அவற்றுக்கும் அப்படியே.

கடிதம். ஆங்கிலத்தில் ஒரு வசதி இருக்கிறது, செய்தவர் இல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும். தேதிகள் மாற்றப்பட்டுவிட்டன, வருந்தப்படுகிறது, சம்பந்தப்பட்டவர் நீக்கப்பட்டார். மூன்றும் பட்டன, பட்டன என்று யார் மேலும் படாமல் போய்விடுகின்றன. அந்த மூன்று வாக்கியத்தையும் அடித்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது, எழுத்துப்பிழை ஒன்றுமில்லை. பி.ஏ. ஆங்கிலத்தில் இலக்கணத் தாளில் நான்தான் வகுப்பில் முதல். அதை அழித்தேன். கடிகாரம் மூன்று இருபது. அழித்த இடத்தில் எங்கள் ஊரில் சூரியன் உதித்தால்தான் நாள் பிறக்கும் என்று தொடங்கினேன். விடியுமுன் இறந்தவர்களுக்கு முந்தின நாள்தான் திதி என்றும், அந்தப் பழக்கத்தில் உங்கள் ஏழு தேதிகளையும் நகர்த்தியது நான் என்றும், என்னோடு வேலை பார்ப்பவர் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார், அவர் அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை என்றும் எழுதினேன். நான் என்று வருகிற இடத்திலெல்லாம் அந்த ஒற்றை ஆங்கில எழுத்து ஒரு கம்பு நட்ட மாதிரி நின்றது. பதினோரு கம்பு. எண்ணினேன். எண்ணிக்கொண்டே இருந்தால் நாலு மணி தாண்டிவிடும் என்று தெரிந்து எழுந்தேன். இந்த வேலை போனால் விடுதி போகும், விடுதி போனால் ஊர், ஊரில் அம்மா மாமாவிடம் என்ன சொல்வாள், மாமா ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கிற அந்த எல்.ஐ.சி. மாப்பிள்ளை, ஒவ்வொன்றாக வந்து கதவருகே நின்றது. ஒவ்வொன்றையும் இடித்துக்கொண்டு அறையைத் தாண்டினேன். கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிடலாம், அவர் வாசித்துக்கொள்வார், நான் வாய் திறக்க வேண்டியதில்லை என்பதுதான் அப்போதும் என் திட்டம்.

அண்ணாச்சி கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு வாசித்தார். அவருக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் வரும், விரலை வைத்துக்கொண்டு போவார். பாதியில் நிறுத்தினார். "என்னம்மா இது? நான் எங்கம்மா தேதிய நகத்துனேன்?" எனக்குப் புரியவில்லை. "அடியில என் கையெழுத்துப் போடப் போறேன். மேல 'ஐ', 'ஐ'ன்னு எழுதியிருக்க. அந்தப் பொம்பள என்ன நெனைப்பா? ஐ-ன்னா நானுல்ல?" நான் அவரைப் பார்த்தேன். இப்படி ஒரு குழி இருக்கும் என்று இலக்கணத் தாளில் யாரும் சொல்லவில்லை. "இல்ல அண்ணாச்சி" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை, மெஷின் சத்தம். "என்ன?" "இல்ல அண்ணாச்சி. அது நான். வசுமதி. அம்புக்குறி போட்டது நான். பேச்சி அன்னைக்கு லீவு. என்னைய நம்பித்தான் கையெழுத்துப் போட்டா." சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல, வெளியே தாள் அடுக்குகிற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். "நேத்து இதே எடத்துலதான நின்ன?" "ஆமா அண்ணாச்சி." "அப்ப வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?" அவர் மறுபடி கடிதத்தை எடுத்து மேல் வரிகளைப் பார்த்தார், உதயம் பற்றிய வரியை. "கோட்டிக்காரப் புள்ள" என்றார், திட்டினாரா என்று தெரியவில்லை. "உதயத்துக்கு முந்தின்னு வெள்ளக்காரனுக்குமா பாப்ப?" கொஞ்ச நேரம் தாளை மடித்தார், விரித்தார். "உன்னைய என்ன பண்றதுன்னு நாளைக்கு யோசிக்கேன். ராத்திரி தூங்காம கெட." பிறகு மேஜை போனை என் பக்கம் தள்ளினார். "அந்தப் புள்ளைக்கு நீயே சொல்லு. நான் சொல்லி அவ வரக் கூடாது. நீ சொல்லி அவ வரணும்." எண்ணை நானே அழுத்தினேன், மனப்பாடம்தான். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, வைத்துவிடலாமா என்று நினைத்தபோது எடுத்தாள். குக்கர் விசில் கேட்டது. "பேச்சி, நான் வசு. பிரஸ்ல இருந்து. அண்ணாச்சிகிட்ட சொல்லிட்டேன்." தூரத்தில் அவள் அம்மா, "யாருடி போன்ல?" என்று கேட்டார். பேச்சி வாயை ரிசீவரிலிருந்து எடுக்காமலேயே, "பிரஸ்ல இருந்துமா" என்றாள். என் பெயரைச் சொல்லவில்லை. மறுபடி விசில் வந்தது. யாரோ அடுப்பைக் குறைத்தார்கள். பிறகு பேச்சி என்னிடம், கடையில் புது ஆளிடம் பேசுகிற தெளிவான குரலில், "சொல்லுங்க" என்றாள். அந்த 'ங்க' எனக்கு நன்றாகக் கேட்டது. அண்ணாச்சி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நேற்று ஐந்து மணியிலிருந்து தொடங்கிச் சொல்ல ஆரம்பித்தேன்.